கொழுந்தனைப் பற்றி நூற்று நாற்பத்து நான்கு வாக்கியங்கள்

அந்த வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. நாளைக்குச் சரிபண்ணிடறேன் என்று கொழுந்தன் சொல்ல ஆரம்பித்தும் எட்டு மாதம் ஆகிறது. இரண்டும் இன்றுவரை நின்றபாடில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அவன் ஒன்றுமே செய்யவில்லை என்றும் இல்லை. தன் பழைய காலுறை ஒன்றை எடுத்துக் குழாயின் வாயில் கட்டிவிட்டான். அதற்கப்புறம் சொட்டுச் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் காலுறை வழியாக ஊறி ஊறிச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாத்தீங்களா அண்ணி, சத்தம் நின்னுடுச்சு என்று அவன் அன்றைக்கு முழுக்கப் பெருமை பேசினான். அண்ணிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணி என்பது வீட்டில். வெளியே அவள் டீச்சர். டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், ரப்பர் வாடை அடிக்கிற ஒரு அறையில், வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற பெரியவர்களுக்கு மாலை வேளையில் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுப்பவள். செவ்வாயும் வியாழனும் வகுப்பு. வகுப்புக்கான பயிற்சித் தாளைத் தயாரிப்பதும், எழுதிய தாளைத் திருத்துவதும் வீட்டில்தான். எதில் வைத்துத் திருத்துவாள் என்கிறீர்கள்? இஸ்திரிப் பலகையில். நிமிர்த்தி வைத்தால் இடுப்பு உயரம், இறக்கி வைத்தால் முழங்கால் உயரம், எப்படி வைத்தாலும் பேனா உருண்டு கீழே விழும்.

மேசை இல்லாமல் இல்லை. முன்னறை ஜன்னலோரமாகப் போடுவதற்கென்றே ஆசைஆசையாக ஒரு மடக்கு மேசை வாங்கினாள். வாங்கிய மறுவாரம் கணவரின் தம்பி, ஒரு வாரம் தங்கிட்டுப் போறேன் அண்ணி என்று ஒரு தோள்பையோடு வந்து இறங்கினான். வந்தவன் முன்னறை சோபாவில் உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். பிறகு படுத்தான். அந்த ஒரு வாரத்துக்கு இப்போது இரண்டு வயது நடக்கிறது. சோபாவை நீட்டிப் படுக்கையாக்கினால் ஜன்னல்வரை வந்துவிடும். மேசை காலை மடக்கிக்கொண்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது.

கணவர் ரொட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். தங்கமான மனுஷர். தம்பி பேச்சை எடுத்தால் மட்டும் காது கேட்காது. விடு, பாவம், அவனுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்பார். வேலை என்ன, சோபாவுக்கு நடந்து வந்து கூப்பிடவா போகிறது? டீச்சருக்கு உலகத்தில் வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அந்த முன்னறை வேண்டும். அதற்கு இவனுக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும், தங்க இடத்தோடு.

இந்த நிலைமையில்தான் வகுப்பில் வினைவகைகள் பாடம் வந்து சேர்ந்தது.

ஏற்கெனவே வகுப்பு இளைத்துப் போயிருந்தது. பன்னிரண்டு பேரோடு தொடங்கியது ஐந்து பேரில் வந்து நின்றது. புத்தகத்தில் இருந்த உதாரணங்கள் அப்படி. ஒரு பையன் பூங்காவுக்குப் போக விரும்புவான், அவன் தங்கை பூனை வளர்க்க விரும்புவாள். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து உட்காருகிற டிரைவருக்கு அந்தப் பூனை மேல் என்ன அக்கறை? அவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு டீச்சர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே காலுறை கழன்று விழுந்து, சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீர். துடைத்துவிட்டு வந்த கடுப்பு முகத்திலேயே இருந்தது. சில வினைகளுக்கு யாரை, எதை என்று ஒன்று தேவைப்படும், சில வினைகளுக்கு எதுவும் தேவையில்லை என்று விளக்கியவள், தேவையில்லாததற்கு ஒரு உதாரணம் யோசித்தாள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘என் கொழுந்தன் தூங்குகிறான்’ என்று பலகையில் ஆங்கிலத்தில் எழுதினாள். எதைத் தூங்குகிறான் என்று கேட்க முடியாது பாருங்கள், தூங்குகிறான், அவ்வளவுதான், அவனுக்கு வேறு எதுவும் தேவையில்லை என்றாள். டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து, எதை என்று கேட்கிற வினைக்கு ஒரு உதாரணம் வேண்டும். ‘என் கொழுந்தன் குழாயை’ என்று தொடங்கினாள். சரிசெய்கிறான் என்று முடிக்க வேண்டும். கை வரவில்லை. ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் இவ்வளவு பெரிய பொய்யைப் பலகையில் எழுதலாமா? சுண்ணக்கட்டியோடு அப்படியே நின்றாள். பிறகு, ‘சரிசெய்ய வாக்குக் கொடுத்தான்’ என்று முடித்துவிட்டாள். ஆக, இரண்டு வாரம் கழித்து வரவேண்டிய ‘டு’ (to) பாடம் கோபத்தில் முன்னாலேயே வந்துவிட்டது. விரும்பு, மற, மறு, முயற்சி செய், வாக்குக் கொடு, இந்த மாதிரி வினைகளுக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் நடுவில் டு போட வேண்டும், பார்த்த இடத்தில் எல்லாம் டு-வுக்கு அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு போடுங்கள் என்றாள்.

எல்லாரும் கோடு போட்டார்கள். முன் வரிசையில் இருந்த குழாய்க்காரர் மட்டும் போடவில்லை. புதுக் கட்டடங்களில் வரைபடமெல்லாம் ஆங்கிலத்தில் வருகிறது என்பதற்காக வகுப்பில் சேர்ந்தவர். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சரி டீச்சர், வாக்குக் கொடுத்தாரே, அப்புறம் சரி பண்ணினாரா இல்லையா என்று கேட்டார்.

அதுதான் ஆரம்பம். அதற்கடுத்த வகுப்புக்கு அவள் கொண்டுபோன தாளில் பன்னிரண்டு வாக்கியமும் கொழுந்தனைப் பற்றியே இருந்தன. ‘அவன் எட்டு மணிக்கு எழுந்திருக்கத் திட்டமிட்டான்.’ ‘அவன் பதினொரு மணிக்கு எழுந்திருக்க மறுத்தான்.’ ‘அவன் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்ட மறந்தான்.’ ‘அவன் பாத்திரம் கழுவுவதைத் தவிர்க்கக் காய்ச்சல்காரன் போல நடிக்க ஆரம்பித்தான்.’ வகுப்பே நிமிர்ந்துவிட்டது. பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற நர்ஸ் தன் தாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்ட, அங்கிருந்து இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். நின்றுபோனவர்கள் திரும்பி வந்தார்கள். போன தாள்ல அலமாரி துடைக்கச் சம்மதிச்சாரே, துடைச்சாரா என்று மாடிப்படியிலேயே மறித்துக் கேட்டார்கள். டிரைவர் அவனுக்கு ‘டு மாப்பிள்ளை’ என்று பேரே வைத்துவிட்டார். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு தாள், தாளுக்குப் பன்னிரண்டு வாக்கியம். வினைகள் தீர்ந்து போகலாம், கொழுந்தன் தீரவே மாட்டான் போலிருந்தது.

இத்தனை பேரில் சிரிக்காதவர் ஒருத்தர்தான். கடைசி வரிசையில் உட்காருகிற, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா. ஏதோ ஆபீசில் வேலை, இனிமேல் கடிதமெல்லாம் ஆங்கிலத்தில்தான் போகவேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள், அதற்காகப் படிக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு தாளையும் நாள் குறித்து, வரிக்கு வரி எண் போட்டு, இரண்டு ஓட்டை குத்தி ஒரு சிவப்பு ஃபைலில் கோத்துக்கொள்வார். அதனால் அவர் சிவப்பு ஃபைல் அம்மா.

அப்படியே போயிருந்தால் எல்லாம் சுகம். ஒரு திங்கட்கிழமை காலையில் கொழுந்தன் சமையலறை வாசலில் வந்து நின்றான். அதுவும் ஒன்பது மணிக்கு. டீச்சருக்கு அதுவே பயமாக இருந்தது. கையில் ஒரு கடிதம். வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன் அண்ணி, நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க என்றான். தலையணைக்கு மேலே விரித்துப் படுத்த செய்தித்தாளில், கன்னத்துக்கு நேராக விளம்பரம் இருந்ததாம். துணி துவைக்கிற மெஷின் பழுது பார்க்கிற கம்பெனி, வாடிக்கையாளர் கவுண்டரில் ஆள் வேண்டும், கிடங்குக்குப் பின்னால் தங்க அறையும் உண்டு.

தங்க அறை! டீச்சரின் மனசு ஜன்னலோரமாக மேசையை விரித்து, மேலே ஒரு பூச்சாடியும் வைத்து, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேவிட்டது. வாய் கொள்ளாத சிரிப்போடு கடிதத்தை வாங்கினாள். வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் படித்தாள்.

கடிதம் ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று இருந்தது. அதில் வந்த ஒவ்வொரு ‘டு’வுக்கும் அடியில், சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தது.

உலகத்தில் எந்த ஆபீசாவது கடிதத்தில் டு-வுக்கு அடியில் கோடு போட்டு அனுப்புமா? அவள் சொல்லிக்கொடுத்த கோடு. ஃபைல் ஓரத்தை ஸ்கேலாக வைத்துப் போட்டது மாதிரி நேரான கோடு. கடைசி வரிசை, சிவப்பு ஃபைல் அம்மா. கடிதத்தின் கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது. விண்ணப்பத்தில் நீங்கள் குறிப்பிட்ட நபரையும் உடன் அழைத்து வரவும்.

யாரைக் குறிப்பிட்டிருக்கே என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“உங்களைத்தான் அண்ணி. உங்க வகுப்பு விலாசம் எல்லாம் போட்டேன். என்னைப் பத்தி உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்.”

எவ்வளவு நம்பிக்கையாகச் சொல்கிறான் பாருங்கள். டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு, கீழே உட்கார்ந்துவிட்டாள். தெரியுமாவது! அந்த அம்மாவின் ஃபைலில் நூற்று நாற்பத்து நான்கு வாக்கியம் இருக்கிறது, ஒன்றுகூட வெளியே சொல்லத் தக்கதில்லை. பன்னிரண்டு தாளும் தன் கையெழுத்தில். இரண்டு வருஷமாக எந்த முன்னறைக்காக ஏங்கினாளோ, அதன் கதவைத் தானே சாத்தித் தாழ் போட்டாகிவிட்டது. யாரைத் திட்டுவது? வாய்க்கு வந்தபடி தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். தம்பி பேச்சுக்குக் கேட்காத காது அன்றைக்கு எப்படியோ கேட்டது. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு வகுப்பு இருக்கே, நல்லதா நாலு வாக்கியம் எழுதிடேன் என்றார். சொல்லிவிட்டு அவர் தூங்கப் போய்விட்டார். அந்தக் குடும்பத்துக்கே தூக்கம் எப்படித்தான் வருகிறதோ.

செவ்வாய்க்கிழமை தாளைப் பார்த்து வகுப்பு திகைத்துப் போனது. ‘என் கொழுந்தன் விடியற்காலையில் எழுந்திருக்க விரும்புகிறான்.’ ‘அவன் எல்லாருடைய பாத்திரங்களையும் கழுவ ஆசைப்படுகிறான்.’ ‘அவன் பசையை வைத்துக் குழாயைச் சரிசெய்ய முடிவெடுத்தான், சரிசெய்தும்விட்டான்.’

எல்லாரும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள். பிறகு நர்ஸ் எழுந்து, டீச்சர், வீட்டுல உங்களை யாராவது மிரட்டுறாங்களா என்று அக்கறையாகக் கேட்டாள். அதெல்லாம் இல்லை, அவன் மாறிட்டான் என்றாள் டீச்சர். குழாய்க்காரருக்குத்தான் தாங்கவில்லை. இருபத்தாறு வருஷமாக இந்தத் தொழில் பார்க்கிறேன், சொட்டுகிற குழாய் பசைக்கு நிற்காது, உள்ளே வாஷர் மாத்தணும், எந்த வாஷர் போட்டார், அரை இஞ்சா, முக்கால் இஞ்சா, அதைச் சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டார். டீச்சர் பொத்தாம்பொதுவாக, நல்ல வாஷர் என்றாள். அவர் டு-வுக்குக் கோடு போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பொய்க்கு அடியில் கோடு போடுவது தொழிலுக்கு அவமானமாம்.

வியாழக்கிழமை நிலைமை இன்னும் மோசம். ‘அவன் தெருவைக் கடக்கத் தடுமாறிய பெரியவருக்கு உதவ ஓடினான்’ என்ற வாக்கியத்தில் ஓடினான் என்ற இடம் வந்ததும், டிரைவர் ஓடினானா என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான், வகுப்பு முழுக்கச் சிரிப்பு. கீழே டயர் கடைக்காரர் வெளியே வந்து மேலே அண்ணாந்து பார்த்தார். டீச்சர் முகத்தில் அசடு வழிந்தது. கடைசி வரிசையில் சிவப்பு ஃபைல் அம்மா மட்டும் தாளை மெதுவாகப் படித்தார், டு-வுக்குக் கோடு போட்டார், ஓட்டை குத்தினார், கோத்தார். நாளைக்குப் பார்க்கலாம் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை கொழுந்தன் அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். சட்டை கொஞ்சம் பெரிது. வழியெல்லாம், பயப்படாதீங்க அண்ணி என்று அவன் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தான்.

கம்பெனியின் கீழ்த்தளத்தில் கவுண்டர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நீளமான வரிசை. ஒருத்தர் மெஷினிலிருந்து பிடுங்கிய ரப்பர் குழாயைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது மூணாவது தடவை, மூணாவது தடவை என்று கத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாக இருந்தது. அவர் காலி நாற்காலியைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தார்.

மேல்மாடி அறையில் சிவப்பு ஃபைல் அம்மா உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. வகுப்பில் கடைசி வரிசையில் ஒடுங்கி உட்காருகிறவரா இவர் என்று இருந்தது. உக்காருங்க டீச்சர் என்றார். உட்கார்ந்தாள். மேசை மேல் அந்த ஃபைல். டீச்சர் ஃபைலைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தாள். அந்த நேரத்திலும் மனசு, முயற்சி செய்தால் டு வரும் என்று சொன்னது.

அந்த அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. படிப்பு என்ன, முன்னால் எங்கே வேலை, ஒன்றும் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஃபைலைத் திறந்து, ஒன்றாம் எண்ணிலிருந்து ஆங்கிலத்தில் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். வாசித்துக்கொண்டே அவ்வப்போது கண்ணாடிக்கு மேலாகக் கொழுந்தனின் முகத்தைப் பார்த்தார். டீச்சருக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஓர் இடத்தில் அந்த அம்மா டு-வை விட்டுவிட்டு வாசிக்க, டீச்சர் தன்னையறியாமல் டு என்று எடுத்துக்கொடுத்தாள். தாங்க்ஸ் டீச்சர் என்று அவர் திருத்தி வாசித்தார்.

பத்துப் பதினோரு வாக்கியம்வரை கொழுந்தன் யாரோ ஒருத்தன் கதையைக் கேட்கிற மாதிரி சுவாரசியமாகக் கேட்டான். பன்னிரண்டாவதில் காலுறை வந்தது. அவன் மெதுவாக அண்ணி பக்கம் திரும்பினான்.

“அண்ணி, இது நம்ம வீடா?”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா நிறுத்தவில்லை. குப்பை போனது, அலமாரி போனது, ஏணியை எடுக்கப் பரணில் ஏறி, அதைப் பரணிலேயே விட்டுவிட்டு வந்தது போனது. முப்பதாவதில் கொழுந்தன் புன்னகை செய்தான். ஐம்பதாவதில் சத்தமாகவே சிரித்தான். இது நல்லா இருக்கு அண்ணி, எனக்கே மறந்து போச்சு என்றான். காலுறை நீலம் இல்லை, பச்சை என்று ஒரு இடத்தில் திருத்தம் சொன்னான். காய்ச்சல்காரன் போல நடித்த வாக்கியம் மறுபடியும் ஒரு தாளில் வந்திருந்தது. அங்கே மட்டும் அவன் சிரிக்கவில்லை.

“அன்னைக்கு நிஜமாவே காய்ச்சல்தான் அண்ணி,” என்றான். பிறகு உடனே, “பரவால்லை, பாக்கிறவங்களுக்கு எப்பவும் ஒரே மாதிரிதானே படுத்திருப்பேன்,” என்றான்.

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் டீச்சரும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவளிடம் பட்டியலே இருந்தது. அவன் அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னான்.

நூற்று நாற்பத்து நான்கும் வாசித்து முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அந்த அம்மா தண்ணீர் குடித்துவிட்டு, இதுக்கெல்லாம் நீங்க என்ன சொல்றீங்க என்று கொழுந்தனைக் கேட்டார். அவன் வழக்கமாக வீட்டில் சொல்கிற அதே குரலில், அதே முகத்தோடு, “கஷ்டம்தான் மேடம். எனக்கு நல்லாப் புரியுது. நாளைக்குப் பண்ணிடறேன்,” என்றான்.

அந்த அம்மா ஃபைலை மூடினார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“திங்கட்கிழமை வேலையில சேந்துடுங்க,” என்றார்.

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடம், இவ்வளவையும் படிச்சுட்டா என்று ஆரம்பித்தவள், எங்கே காரியம் கெட்டுவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த அம்மா நாற்காலியைத் திருப்பி அவளுக்கு நேராக உட்கார்ந்தார்.

“நீங்க இதை உதாரண வாக்கியமாப் பாக்கறீங்க டீச்சர். எனக்கு இது புகார். இருபது வருஷமா புகார்தான் படிக்கிறேன். புகார் சொல்றவங்க என்ன சொல்றாங்கன்னு நான் பாக்க மாட்டேன், கேக்கறவன் என்ன பண்ணினான்னு பாப்பேன். நூத்தி நாப்பத்தி நாலு புகார். ஒண்ணுலயாவது இவர் உங்களைத் திருப்பிப் பேசினதா இருக்கா?”

டீச்சர் மனசுக்குள் தாள்களைப் புரட்டினாள். மறுத்தான், மறந்தான், நடித்தான், தள்ளிப்போட்டான், ஒளிந்துகொண்டான். எல்லா வினையும் இருந்தது. திட்டினான் இல்லை. கத்தினான் இல்லை. முறைத்தான்கூட இல்லை. இரண்டு வருஷமாக விடிந்தால் அடைந்தால் இவள் வாயில் விழுந்தவன், ஒரு தடவைகூட முகம் சுளித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இது தனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று அவளுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

அந்தக் கவுண்டரில் இந்த வருஷத்தில் மட்டும் ஐந்து பேரை வைத்துப் பார்த்தாராம். இரண்டு பேர் அழுதுகொண்டு போனார்கள். ஒருத்தன் வாடிக்கையாளரை அழவைத்துவிட்டுப் போனான். ஒருத்தி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. ஐந்தாவது ஆள் போன மாசம்தான் கண்ணாடியைக் குத்திவிட்டுப் போனான். மெஷினைப் பழுது பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள், இவர் எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை, சரிசெய்கிறோம் என்று நம்புகிற மாதிரி சொன்னால் போதும் என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு, செவ்வாய், வியாழன் தாள்கள் இரண்டையும் ஃபைலிலிருந்து உருவி டீச்சரிடம் நீட்டினார். இதை மட்டும் நம்பியிருந்தால் இவரை வேலைக்கு எடுத்திருக்க மாட்டேன், இப்படித் தப்பே செய்யாத ஒரு ஆளை யாரும் திட்டிப் பார்த்திருக்கவே முடியாதே என்றார்.

திங்கட்கிழமை அவன் வேலையில் சேர்ந்தான். செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து டீச்சர் வீட்டுக்கு வந்தபோது முன்னறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோபா மடங்கிச் சுவரோரமாக இருந்தது. தோள்பை இல்லை. ஜன்னலோரமாக மேசை விரித்துப் போட்டிருந்தது. ஒரு கால் குட்டையாக இருந்ததால் அதற்கு அடியில் காகிதத்தை நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தான். அதையும் மீறி அது ஆடத்தான் செய்தது. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேனாவை வைத்தாள். அது உருளவில்லை. இரண்டு வருஷம் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, கொண்டாட வேண்டியதுதானே? அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. சே, என்ன பொம்பளை நான் என்று தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள்.

காலுறை குழாயிலேயே இருந்தது. பச்சைதான். அதில் ஊக்கால் ஒரு சீட்டு குத்தியிருந்தது. கம்பெனியில் அச்சடித்த புகார்ச் சீட்டு. பொருள், குழாய். புகார் தந்தவர், அண்ணி. புகார் எண், நூற்று நாற்பத்து ஐந்து. கீழே ஆங்கிலத்தில், பதினான்கு வேலை நாட்களுக்குள் ஆள் அனுப்ப உறுதி கூறுகிறோம் என்று இருந்தது. அதில் டு-வுக்கு அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு.

வியாழக்கிழமை வகுப்பு நிரம்பி வழிந்தது. விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டிருந்தது. டீச்சர் வெறுங்கையோடு வந்தாள், தாள் இல்லை. பழைய தாள்களை எடுங்கள் என்றாள். காய்ச்சல்காரன் போல நடித்ததாக இருக்கிற வாக்கியங்கள் இரண்டையும் தேடி அடித்துவிடுங்கள், அது தப்பு, இலக்கணம் சரி, விஷயம் தப்பு என்றாள். கடைசி வரிசையில் சிவப்பு ஃபைல் திறக்கும் சத்தம் கேட்டது. எல்லாரும் மறுபேச்சில்லாமல் அடித்தார்கள்.

குழாய்க்காரர் மட்டும் எழுந்து நின்றார். கையில் ஸ்பானரும் ஒரு சின்னப் பொட்டலமும். பத்து நிமிஷ வேலை டீச்சர், வகுப்பு முடிஞ்சதும் நானே வந்து மாத்திடறேன், ரெண்டு மாசமா அந்தக் குழாய் என் தூக்கத்தைக் கெடுக்குது என்றார்.

டீச்சர் வேண்டாம் என்றாள்.

“புகார் பதிவாகியிருக்கு. பதினாலு நாளுக்குள்ள ஆள் வரும்னு உறுதி சொல்லியிருக்காங்க. இன்னும் பதினொரு நாள் இருக்கு.”

வருவாரா டீச்சர் என்று நர்ஸ் கேட்டாள். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி, ‘நான் காத்திருக்க முடிவு செய்தேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதினாள். வகுப்பு முழுக்க டு-வுக்குக் கோடு போட்டது. குழாய்க்காரரும் இந்தத் தடவை போட்டார். போட்டுவிட்டு, பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். வரும்போது அவர்கிட்ட இதைக் குடுங்க, அரை இஞ்சு வாஷர், பசை மட்டும் வைக்க வேண்டாம்னு சொல்லுங்க என்றார்.